சின்னப் பெட்டி, பெரிய கனம்

ராயக்கோட்டை சாலையில் இருக்கும் எங்கள் பழைய இரும்புக் கடைக்கு ஓசூர்ப் பக்கமிருந்து குட்டியானையில் லோடு வரும். மூடின யூனிட், மாற்றின மெஷின், ஏலத்தில் எடுத்தது என்று எல்லாம் கலந்து கிடக்கும். கேஸ் சிலிண்டரைப் பார்த்தாலே பையன்கள் ஒதுக்கிவிடுவார்கள். எனக்குப் பயமெல்லாம் அளவுக்கு மீறிக் கனக்கிற சின்ன உருப்படிகள்தான்.

கையடக்கப் பெட்டியைத் தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தால் உள்ளே ஈயம் இருக்கலாம். ஈயத்துக்கு இரும்பைவிடப் பல மடங்கு விலை. உடனே கட்டரைப் பற்ற வைக்கத்தான் கை துறுதுறுக்கும். இத்தனூண்டு பெட்டிக்கு அவ்வளவு ஈயம் எதற்கு? கதிர்வீச்சு வெளியே வராமல் தடுக்கவும் இருக்கலாம். ஆலைத் தொட்டியில் சரக்கு எந்த மட்டத்தில் நிற்கிறது என்று காட்டும் கேஜில் சீசியம்-137 என்கிற கதிர்வீச்சுப் பொருள் இருக்கும். வெல்டிங்கைப் படம் பிடிக்கும் ரேடியோகிராபி கேமராவில் இரிடியம்-192.

2010இல் தில்லி மாயாபுரியில் நடந்தது இதுதான். தில்லிப் பல்கலைக்கழகத்தில் பல வருடம் சும்மா கிடந்த காமா கருவி ஏலத்தில் போய், எங்களைப் போன்ற கடைக்கு வந்தது. பிரித்தார்கள். உள்ளே கோபால்ட்-60. ஒருவர் அதன் துண்டைப் பர்ஸில் வைத்துக்கொண்டு திரிந்தார். தொட்டால் சுடாது, வாசனை கிடையாது, பிறகு தோல் கறுத்தது, முடி கொட்டியது. கடைத் தொழிலாளி ஒருவர் இறந்தே போனார்.

இப்படிப்பட்ட பொருளை வைத்திருப்பவர் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்திடம் அனுமதி வாங்க வேண்டும், வேலை முடிந்ததும் முறைப்படி ஒப்படைக்க வேண்டும், காயலான் கடைக்குப் போடக் கூடாது. விதி நல்ல விதிதான். எங்கள் கடை வாசல்வரை வந்து அதைச் சொன்னவர்தான் யாருமில்லை. பெரிய உருக்காலை கேட்டில் கதிர்வீச்சு பார்க்கிற கருவி வைத்திருக்கிறார்கள், சரி. லாரி அங்கே போய்ச் சேர்வதற்குள் எங்கள் பையன்கள் சரக்கைப் புரட்டி, வெட்டி, ஏற்றி முடித்திருப்பார்களே.

அதனால் எடை மேடைக்கு மேலே கதிர்வீச்சைக் காட்டும் மூன்று இதழ்க் குறியைப் பெரிதாக வரைந்து வைத்திருக்கிறேன். குறி இல்லாவிட்டாலும் நம்பக் கூடாது. பெயிண்ட் அடித்து மறைந்திருக்கும். சந்தேகம் வந்தால் தொடாதே, வெட்டாதே, விலகி நில், ஆளை அண்ட விடாதே, 112க்குப் போன் போடு. கடையில் இதுதான் சட்டம்.

கனமான பெட்டிக்கு எந்த ஆலை, என்ன மெஷின், பேப்பர் எங்கே என்று கேட்டால் சிலர் முறைத்துக்கொண்டு அடுத்த கடைக்கு வண்டியைத் திருப்புவார்கள். அந்தக் கடை அண்ணனும் பழக்கம்தான். வண்டி போய் நிற்பதற்குள் அதன் நம்பரை அவரிடம் சொல்லிவிடுவேன்.