திண்டுக்கல் பெயர் வாங்கிய பாம்பும் கர்னல் பெட்டோமும்

ரிச்சர்ட் ஹென்றி பெட்டோம் என்றதும் தாவரவியல் படித்தவர்களுக்குப் பெரணிகள் நினைவுக்கு வரும். வனத்துறைக்காரர்களுக்கு, தென்னிந்திய மரங்களைப் பற்றி அவர் எழுதிய ‘ஃப்ளோரா சில்வாட்டிகா’. எனக்கு அவர் பாம்புக்காரர். அதுவும் படமெடுக்கிற பாம்பு இல்லை, மண்ணுக்குள் மண்புழு தின்று வாழும் கேடயவால் பாம்புகள்.

1830-இல் லண்டனில் பிறந்தவர். சட்டம் படிக்கவைத்தார்கள்; அதை விட்டுவிட்டு 18 வயதில் கம்பெனிப் பட்டாளத்தில் சேர்ந்து இந்தியா வந்தார். மெட்ராஸ் வனத்துறையைத் தொடங்கி நடத்திவந்த கிளெகார்ன் 1857-இல் இவரை உதவியாளராக எடுத்துக்கொண்டார். கிளெகார்னுக்குப் பிறகு துறைக்கே தலைவரானார். 1882 வரை இருந்தார்.

சம்பளம் மரத்துக்கு. ஆனைமலை, பழனிமலை, நீலகிரி என்று முகாம் போன இடத்திலெல்லாம் பாம்பு, பல்லி, தவளை சேர்த்தது அவருடைய சொந்த ஆசை. புதிய பாம்புகளைப் பற்றிய அவருடைய முதல் குறிப்புகள் சில மெட்ராஸில் வந்த ஒரு மருத்துவக் காலாண்டிதழில்தான் வெளியாயின. அந்தக் காலத்தில் இங்கே பாம்பைப் பற்றி அக்கறையாகப் படித்தவர்களில் பாதிப் பேர் பட்டாள டாக்டர்கள். ஓய்வுபெற்று ஊர் திரும்பிய பிறகும் விடவில்லை. 1886-இல் இந்தியத் தீபகற்பத்தின், இலங்கையின் மண்பாம்புகள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு நீண்ட கட்டுரை எழுதினார்.

மண்பாம்பு என்று அவர் சொன்ன இந்தக் கேடயவால் பாம்புக் குடும்பம் உலகத்தில் இந்த இரண்டு இடங்களில் மட்டும்தான் உண்டு. அதில் ஒன்று யூரோபெல்டிஸ் டிண்டிகலென்சிஸ். திண்டுக்கல்லை ஒட்டிய எங்கள் சிறுமலையில் கிடைத்ததை வைத்து 1877-இல் பெட்டோம் பெயரிட்டது.

ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில் சிறுமலை வாழைத் தோட்டமொன்றில் அதைப் பார்த்தேன். ஒரு முழம்கூட இருக்காது. வெயில் பட்டதும் செதிலில் வானவில் ஓடியது. தலை கூம்பி, கழுத்தென்று தனியாக எதுவும் இல்லை. வால் சாய்வாகச் சீவிவிட்டது போல முடிகிறது. அந்தச் சீவிய பரப்பில் சொரசொரப்பான செதில்கள், அவற்றில் அப்பிய ஈரமண். வளைக்குள் போகும்போது பின்னால் வருகிற எதிரிக்கு அந்த மண் பூசிய வால்தான் அடைப்பு. கிட்டே குனிந்ததும் தலையை உடம்புக்கடியில் ஒளித்துக்கொண்டு வாலை நீட்டியது.

“ரெண்டு தலப் பாம்பு தம்பி, கைய வெச்சிராதீங்க” என்றார் தோட்டக்காரர்.

“இதுக்கு வெசமே இல்லைங்கய்யா. முட்டைகூட வைக்காது, குட்டிதான் போடும்.”

அவர் நம்பவில்லை. ஆனால் மண்வெட்டியை எடுக்கவும் இல்லை.

பெட்டோமின் பட்டியலைப் படிக்கும்போது ஒன்று எனக்கு உறுத்தும். பழனி, திண்டுக்கல் என்று ஊர்ப்பெயர் வைத்தார். பெர்லின் விலங்கியலாளர் பீட்டர்ஸுக்கு ஒன்று, மெட்ராஸ் டாக்டர் ஷார்ட்டுக்கு ஒன்று கொடுத்தார். இவ்வளவு மலையையும் தனியொருவராகத் தோண்டியிருக்க முடியாது. கல்லைப் புரட்டிக் கொடுத்த மலைக்காரர் ஒருவர் பெயர்கூட எந்தப் பாம்பிலும் இல்லை. அவர் நிர்வகித்த துறை வெட்டி விற்ற காடுதான் அந்தப் பாம்புகளின் வீடு என்பதையும் மறக்க முடியவில்லை. மர நிழலும் ஈர மட்கும் போனால் இவை பிழைக்காது.

இருந்தாலும் அவர் கண்ணை நான் நம்புகிறேன். டாக்டர் ஷார்ட்டின் பெயரில் 1863-இல் அவர் விவரித்த சேர்வராயன்மலைப் பாம்பைப் பின்னால் வந்தவர்கள் தனி இனமில்லை என்று வேறொன்றோடு சேர்த்துவிட்டார்கள். 2014-இல் தமிழ்நாட்டு ஆய்வாளர்கள் செதில்களை மறுபடி எண்ணி, ஒப்பிட்டுப் பார்த்து, அது தனி இனம்தான் என்று பெட்டோம் வைத்த பெயரையே திருப்பிக் கொடுத்தார்கள்.