பந்து எங்கடா?

நேற்று ராத்திரி 88வது நிமிஷம். ஸ்கோர் சமம். நம்ம பயல்களுக்கு ஒரு கார்னர். வீடே சோபா நுனிக்கு வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து டிவிக்காரன், சற்று முன்னால் கோல்கீப்பர் பந்தைத் தட்டிவிட்டதை ஸ்லோ மோஷனில் போட ஆரம்பித்தான். முன்னாலிருந்து ஒரு தடவை. வலைக்குப் பின்னாலிருந்து ஒரு தடவை. மூன்றாவதாக அவன் கையுறையை மட்டும் தனியாக, அதில் ஒட்டியிருந்த புல்லை எண்ணிவிடலாம் போல அவ்வளவு பக்கத்தில். நாங்கள் புல்லைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஸ்டேடியம் 'ஓ'வென்று அலறியது. படம் திரும்பி வந்தபோது நம்ம ஆட்கள் கார்னர் கொடிக்குப் பக்கத்தில் குவியலாகக் கிடந்தார்கள்.

"பந்து எங்கடா?" என்றார் அப்பா.

தம்பி ரிமோட்டைச் சோபாவில் ஓங்கி அடித்தான். அதன் பேட்டரி மூடி போன உலகக் கோப்பையிலேயே காலமாகிவிட்டது. நேற்று பேட்டரிகளும் பறந்தன. ஒன்று இன்னும் கிடைக்கவில்லை.

கோலை அப்புறம் ஏழு கோணத்தில் காட்டினான், இல்லையென்று சொல்லவில்லை. பந்தி முடிந்தபின் மெனு வாசித்த மாதிரி இருந்தது.

நடுக்கோட்டுக்கு நேராக, ஸ்டாண்டில் உயரமாக ஒரு கேமரா நின்று இடமும் வலமுமாகத் திரும்பிக்கொண்டிருக்குமே, அது ஒன்றே போதும் என்பது என் கட்சி. மைதானம் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். யார் எந்தக் காலி இடத்துக்கு ஓடுகிறான், டிஃபன்ஸ் எங்கே பிளக்கிறது என்பதெல்லாம் அந்த உயரத்திலிருந்து பார்த்தால்தான் புரியும். ஆனால் 2018 உலகக் கோப்பையில் ஆட்டத்துக்கு 37 கேமரா வைத்தார்கள். ஆடுகிறவர்கள் 22 பேர், பந்து ஒன்று. ஒளிபரப்பு வண்டிக்குள் உட்கார்ந்திருக்கிற டைரக்டருக்கு, இருக்கிற கேமராவுக்கெல்லாம் ஒரு வாய்ப்பாவது தராவிட்டால் தூக்கம் வராது போல. த்ரோ-இன் என்றால் எறிகிறவனின் காதுமடல். ஃப்ரீ கிக் என்றால் கோச்சின் தாடி. திடீரென்று எதிர் ஸ்டாண்ட் கேமராவுக்குத் தாவுவான், இடது வலதாகிவிடும். ஒருதடவை அம்மா, "ஐயய்யோ, நம்ம கோலுக்கே கொண்டுபோறானே!" என்று எழுந்தே விட்டாள்.

ஆளை நம்ப வேண்டாம், இயந்திரத்தை வைத்துவிடலாம் என்று தம்பி ஆரம்பித்தான். அதையும் பார்த்தாயிற்று. 2020 அக்டோபரில் ஸ்காட்லாந்தில் இன்வெர்னஸ் காலிடோனியன் திஸில் அணியும் ஏர் யுனைடெட்டும் ஆடிய ஆட்டம். பந்தைத் தானாகப் பின்தொடரும் கேமரா லைன்ஸ்மேனின் வழுக்கைத் தலையைப் பந்து என்று நினைத்து, பந்தை விட்டுவிட்டு அவர் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தது. இதைச் சொன்னதும் எல்லோரும் அப்பாவின் தலையைப் பார்த்தோம். அவர் துண்டை எடுத்துப் போர்த்திக்கொண்டார்.

விளம்பரம் போட்டே கோலைத் தின்றவர்களும் உண்டு. 2009 பிப்ரவரி, இங்கிலாந்தின் எஃப்ஏ கோப்பையில் எவர்ட்டனும் லிவர்பூலும். கூடுதல் நேரம், 118வது நிமிஷம். பிரிட்டனில் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குத் திடீரென்று விளம்பரம் வந்தது. அது போய்ப் படம் வந்தால் எவர்ட்டன்காரர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். கோஸ்லிங் கோல் போட்டு ஆட்டத்தையே முடித்திருந்தார். அடுத்த வருஷம் உலகக் கோப்பையில், அமெரிக்காவுக்கு எதிராக 4வது நிமிஷத்திலேயே இங்கிலாந்தின் ஜெரார்ட் போட்ட கோலுக்கும் இதே கதி. அதிலும் எச்டியில் பார்த்தவர்களுக்கு மட்டும். அவர்கள் வீட்டு ரிமோட்டுகளை நினைத்தால் நேற்று நாங்கள் இழந்தது ஒரு பேட்டரிதான்.

இவ்வளவு பேசுகிற நான் எடுத்த வீடியோ ஒன்று இருக்கிறது. மகளின் 50 மீட்டர் ஓட்டப் பந்தயம். விசில் ஊதியதும் நானும் கூடவே ஓடினேன். முதல் பாதியில் வானம். அப்புறம் என் ஷூ. கடைசியில் யாரோ ஒரு பையன் முதலாவதாக வருகிறான், மிகத் தெளிவாக. கோட்டைத் தொட்டது யார் என்பதற்கு இன்றுவரை மகளின் வாக்குமூலம் மட்டுமே சாட்சி. நேற்று நான் டைரக்டரைத் திட்டத் திட்ட அவள் ஒன்றும் சொல்லவில்லை. என் ஷூவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சரி, ஆட்டத்துக்கு வருகிறேன். கோலுக்குப் பிறகு கிக்-ஆஃப். டைரக்டருக்கு என்ன தோன்றியதோ, உயரத்துக் கேமராவை அப்படியே விட்டுவிட்டான். திரை முழுக்கப் பச்சை. நட்ட நடுவில் வெள்ளைப் பந்து. யாரும் இன்னும் தொடவில்லை, அருகில்கூட ஆளில்லை.

"பந்து எங்கடா?" என்றார் அப்பா.

தம்பி என்னைப் பார்த்தான். இந்த சீசன் முழுக்க ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை அவர் இதைக் கேட்கிறார். நானும் ஒவ்வொரு தடவையும், "அப்படிக் கேளுங்கப்பா!" என்று சேர்ந்துகொள்வேன். எங்கள் கட்சிக்குத் தலைவரே அவர்தான் என்று நினைத்திருந்தேன்.

"மூணு மாசமா அப்படித்தான்," என்றாள் அம்மா, தேடிய பேட்டரிகளில் ஒன்றை நீட்டிக்கொண்டே. "மூஞ்சியப் பெருசா காட்டினாத்தான் தெரியுதாம்."

காதுமடலுக்கும் தாடிக்கும் நான் கத்திய போதெல்லாம் அவர் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தது இப்போதுதான் ஞாபகம் வந்தது. நானும் கோபத்தில் சாய்கிறார் என்றே எடுத்துக்கொண்டேன்.

மிச்ச நேரத்துக்கு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே வந்தேன். "இப்ப இடது பக்கம். பின்னால தள்ளிட்டான். நடுவுல ரெண்டு பேர் மோதுறாங்க."

"நீ சொல்லி முடிக்கறதுக்குள்ள பந்து அந்தப் பக்கம் போயிடுதுடா," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த க்ளவுஸ்ல புல்லு ஒட்டியிருந்துச்சே, பாத்தியா?"

"பாத்தேன்பா."

"நல்லா எடுத்திருந்தான்."

திங்கட்கிழமை கண் டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். மூன்று மாசமாக ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டதற்கு, துண்டைத் தலையிலிருந்து எடுக்காமலே சொன்னார்.

"சீசன் முடியட்டுமேன்னு பாத்தேன்."