கால்குலஸோடு மெக்கானிக்ஸ்: என் ஒரு செமஸ்டர் அனுபவம்

முதல் இடைத்தேர்வில் 30க்கு 11. பள்ளியில் இயற்பியலில் நல்ல மதிப்பெண் வாங்கிய ஆள் நான். விடைத்தாளைக் கையில் வாங்கியதும் வேறு யாருடையதோ மாறி வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். கையெழுத்து என்னுடையதாகவே இருந்தது.

அதில் ஒரு கணக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. ஒரு கப்பி, அதன் மேல் ஒரு கயிறு. ஒரு முனையில் 3 கிலோ, மறுமுனையில் 2 கிலோ. கப்பிக்கும் கயிற்றுக்கும் நிறை கிடையாது, உராய்வும் கிடையாது. முடுக்கம் என்ன? அட்வுட் எந்திரம் என்பார்கள். ஜார்ஜ் அட்வுட் 1784ல் இதைப் பற்றி எழுதினார். விழும் பொருளின் வேகத்தை மட்டுப்படுத்தி நிதானமாக அளப்பதற்கான ஏற்பாடு.

நான் போட்டது இப்படி: 2 கிலோ தொங்குகிறது, ஆகவே கயிற்றின் இழுவிசை 2 × 9.8 = 19.6 நியூட்டன். 3 கிலோவின் மீது கீழ்நோக்கி 29.4, மேல்நோக்கி 19.6. மிச்சம் 9.8, அதை 3ஆல் வகுத்தால் 3.27. விடையைச் சுற்றி அழகாகக் கட்டம் வேறு கட்டியிருந்தேன். சரியான விடை 1.96.

மேடத்திடம் போய் நின்றேன். அவர் எதையும் விளக்கவில்லை. "அந்த 2 கிலோவுக்கு மட்டும் தனியா ஒரு படம் போடு" என்றார். போட்டேன். கீழே 19.6, மேலே 19.6.

"அப்ப அதோட முடுக்கம்?"

"பூஜ்யம், மேடம்."

"ஒரே கயிறு. இந்தப் பக்கம் அசையாம நிக்குது, அந்தப் பக்கம் 3.27ல இறங்குதா?"

இழுவிசை என்ன என்பது எனக்கு முன்கூட்டியே தெரியாது என்பதை அன்றுதான் ஒப்புக்கொண்டேன். அது தெரியாத எண். இரண்டு எடைகளுக்கும் இரண்டு படம், இரண்டு சமன்பாடு, பிறகு தீர்வு. அப்படிப் போட்டால் இழுவிசை 23.52 வருகிறது, 19.6ஐ விட அதிகம், 29.4ஐ விடக் குறைவு. அப்படித்தானே இருக்க வேண்டும்? 2 கிலோவை மேலே இழுக்கவும் வேண்டும், 3 கிலோவை விழவும் விட வேண்டும்.

வீட்டுக்கு வந்து என் தவறான விடையை எண் போடாமல் பொதுவாக எழுதிப் பார்த்தேன். இரண்டு எடையும் சமம் என்றால் முடுக்கம் பூஜ்யம், சரி. இரண்டாவது எடையே இல்லை என்றால் முதல் எடை தடையில்லாமல் விழும், அதுவும் சரி. தவறான விடை இரண்டு சோதனையிலும் தப்பித்துவிட்டது! முதல் எடையை எடுத்துவிட்டுப் பார்த்தபோதுதான் மாட்டியது: பூஜ்யத்தால் வகுக்கச் சொல்கிறது. அதிலிருந்து ஒவ்வொரு விடையையும் எல்லா ஓரத்துக்கும் தள்ளிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது.

கால்குலஸ் பக்கம் வேறு கதை. வகையிடவும் தொகையிடவும் எனக்கு நன்றாகவே வரும். எப்போது அதைக் கூப்பிட வேண்டும் என்பதுதான் தெரியவில்லை. பள்ளியில் மனப்பாடம் செய்த மூன்று இயக்கச் சமன்பாடுகள் கை நுனியில் இருந்தன. முடுக்கம் மாறாமல் இருந்தால் மட்டுமே அவை செல்லும் என்ற ஒரு வரி மட்டும் மண்டையில் ஏறவே இல்லை.

ஒரு வீட்டுக் கணக்கு: 2 கிலோ பொருள் 8 மீட்டர்/நொடி வேகத்தில் கிடைத்தளத்தில் கிளம்புகிறது. தடுக்கும் விசை வேகத்துக்கு நேர்விகிதம். வேகம் 1 என்றால் விசை 0.5 நியூட்டன். எவ்வளவு தூரம் போகும்? ஆரம்பத்தில் விசை 4, முடுக்கம் கழித்தல் 2, பழைய சமன்பாட்டில் போட்டேன்: 16 மீட்டர். ஆனால் வேகம் குறையக் குறையத் தடுப்பும் குறைகிறதே. நிறை பெருக்கல் வேக மாற்றம் என்பது விசை பெருக்கல் சிறு நேரம். இங்கே விசை என்பது 0.5 பெருக்கல் வேகம். வேகத்தைச் சிறு நேரத்தால் பெருக்கினால் சிறு தூரம். நேரம் தானாகக் கழன்றுவிடுகிறது. மொத்தத்தில் 2 × 8 = 0.5 × தூரம். 32 மீட்டர், நான் சொன்னதற்குச் சரியாக இரண்டு மடங்கு. இதில் வேடிக்கை, கணக்குப்படி அந்தப் பொருள் ஒருபோதும் முழுதாக நிற்பதில்லை. நிற்காமலே போய்க்கொண்டிருந்தும் 32 மீட்டரைத் தாண்டாது. அன்று இரவு வெகுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

படிக்கும் விதத்தில் மாற்றியது ஒன்றுதான். தீர்த்து வைத்த கணக்குகளை வாசிப்பதை நிறுத்தினேன். வாசிக்கும்போது எல்லாம் புரிந்த மாதிரியே இருக்கும், அதுதான் ஆபத்து. தீர்வை மூடி வைத்துவிட்டு, வெற்றுத்தாளில் முதலில் படம், அம்புக்குறிகள், எந்தத் திசை கூட்டல் என்ற முடிவு. எண்களைக் கடைசி வரி வரை உள்ளே விடுவதில்லை. ஒரு கணக்குக்கு ஒரு மணி நேரம் போன நாள் உண்டு. வாரத்துக்கு ஏழெட்டுக் கணக்குக்கு மேல் முடியவில்லை. முன்பு ஒரே நாளில் இருபது 'படிப்பேன்'.

ஆற்றல், உந்தம் இரண்டும் அவ்வளவாகப் படுத்தவில்லை. சுழற்சிதான் படுத்தியது. ஒரு பொருளைச் சுழல வைப்பது எவ்வளவு கடினம் என்பதன் அளவான நிலைமத் திருப்புத்திறனுக்குத் தொகையீடு போடுவது சுலபம். உருளும் பொருளின் உராய்வு எந்தப் பக்கம் என்பதில்தான் நான் ஒவ்வொரு முறையும் தடுமாறினேன்.

இறுதித் தேர்வில் அதுவே வந்தது. 30 டிகிரி சாய்தளத்தில் வழுக்காமல் உருண்டு இறங்கும் திண்ம உருளை. உராய்வு அம்பைக் கீழ்நோக்கிப் போட்டுத் தொலைத்தேன். சமன்பாட்டைத் தீர்த்தால் உராய்வு கழித்தலில் வந்தது. முன்பாக இருந்தால் எல்லாவற்றையும் அடித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கியிருப்பேன். இப்போது ஓரத்தில் ஒரு வரி எழுதினேன்: "கழித்தல் குறி, ஆகவே உராய்வு மேல்நோக்கி." முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு என்று வந்தது. கடைசி வரியில் 9.8ஐப் போட்டு வகுத்தேன்.

3.27.

வயிறு கலங்கிவிட்டது. அதே எண். பத்து நிமிடம் செலவழித்து மறுபடி படம் போட்டேன், ஆற்றல் வழியாகவும் போட்டுப் பார்த்தேன். மறுபடி 3.27. கடைசிக் கணக்குக்கு நேரம் போதவில்லை. கட்டம் மட்டும் கட்டாமல் விட்டுவிட்டேன்.