காலுக்குக் கீழே

"கணக்கைத் தப்பாகப் போட்டிருக்கிறாய்" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். தாளை முழுதாகப் பார்க்காமலே சொன்னேன். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

ஆடி மாதம். சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு அவள் அண்ணன் வந்த விமானம், மேகமே இல்லாத வானத்தில் தூக்கிப் போட்டதாம். முந்தின வாரம்தான் வகுப்பில், காற்று கலங்கிக் குலுக்குமா என்று காட்டும் ரிச்சர்ட்சன் எண்ணை நடத்தியிருந்தேன். காற்றடுக்கு இடம் பெயர மறுக்கும் பிடிவாதத்தை, உயரத்தோடு வேகம் மாறும் வீதத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது அது. அந்த எண் காலுக்கு, அதாவது 0.25க்கு, கீழே இறங்கினால்தான் அடுக்கு அலையாகச் சுருண்டு உடையத் தொடங்கும் என்பது 1961இல் மைல்ஸ், ஹோவர்டு என்ற ஆய்வாளர்கள் நிறுவியது. அவள் சென்னை வானிலை பலூன் அளவுகளை எடுத்து, 11 கிலோமீட்டருக்கும் 12க்கும் இடையில் கணக்கிட்டிருந்தாள். விடை 0.9.

"காலுக்கு மேலே இருக்கிறதே சார், பிறகு எப்படிக் குலுங்கியது?"

அன்று இரவு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நானும் போட்டுப் பார்த்தேன். 0.9தான். நம் ஊரில் ஆடிக்காற்று மேற்கிலிருந்து புழுதியை வாரி அடிக்கும்போது, 15 கிலோமீட்டர் உயரத்தில் கிழக்கிலிருந்து ஜெட் காற்றோட்டம், அதாவது குறுகலான அதிவேகக் காற்று, போகிறது. அதன் அடிவயிற்றில்தான் விமானம் வருகிறது. அங்கே வேக வித்தியாசம் சீராகப் பரவியிருப்பதில்லை. ஒரு கிலோமீட்டரின் வித்தியாசம் முழுவதும் 100 மீட்டருக்குள் ஒடுங்கினால், மற்றது மாறாதிருக்க, எண் நூறில் ஒரு பங்காகிவிடும். அவள் கணக்கு சரி, சராசரிதான் ஏமாற்றியது. அவள் கேட்டதற்கு அதுதான் பதில்.

என் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. பலூன் அதிகாலையில் சென்னையில் ஏறியது. விமானம் குலுங்கியது வங்கக் கடலுக்கு மேலே, வேறு நேரத்தில். அந்த அளவை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. மணியும் அடித்துவிட்டது. ஆனால் இதில் ஒன்றையாவது அவளிடம் சொன்னேனா?

மறுநாள் நீளமான கண்ணாடிக் குழாயில் உப்புநீரில் சொட்டு நீலம் கலந்து, மேலே நல்ல தண்ணீர் ஊற்றிச் சாய்த்துக் காட்டினேன். நீலம் தேன்குழல் பிழிந்ததுபோல ஏழெட்டுச் சுருளாக எழும்பியது. மூன்று எண்ணுவதற்குள் கலங்கியது. எல்லாரும் கை தட்டினார்கள். இரண்டு நீரும் உரசிய இடம் விரற்கடை அகலம்கூட இல்லை. அதைச் சுட்டிக்காட்டியிருந்தால் போதும். "உன் கணக்கு சரிதான்" என்பதற்குப் பதிலாகத்தான் குழாயைச் சாய்த்தேன் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது அப்படி நினைத்தேனா, தெரியவில்லை. அவள் ஒன்றும் கேட்கவில்லை.

மாதக் கடைசியில் அவள் ரெக்கார்டு நோட்டு வந்தது. அதே தேதி, அதே உயரம். விடை 0.2. நடுவில் இரண்டு வரி அழித்து எழுதப்பட்டிருந்தது. வேறு அளவுகளை எடுத்தாளா, எனக்காக விடையை மாற்றினாளா என்று கேட்கவில்லை. சிவப்பு மையில் சரி போட்டுக் கையெழுத்திட்டேன்.