சாக்லேட் வாங்கும்போது முதலில் கொழுப்பைப் பாருங்கள்

சாக்லேட் அட்டையின் முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் கோகோ 55, 70, 85 சதவீதம் என்று ஒரு எண் இருக்கும். பெரும்பாலானவர்கள் அதை வைத்துத்தான் எடுக்கிறார்கள், எண் ஏற ஏறத் தரமும் ஏறும் என்ற நம்பிக்கையில். எனக்கு அந்த எண் இரண்டாம்பட்சம்தான். அட்டையைத் திருப்பி, பின்னால் பொடி எழுத்தில் இருக்கும் சேர்மானங்களில் என்ன கொழுப்பு போட்டிருக்கிறார்கள் என்று பார்ப்பேன். கோகோ பட்டர் மட்டுமா, இல்லை ஹைட்ரஜனேற்றிய தாவரக் கொழுப்பு, பாம் கர்னல் ஆயில் என்று வேறு ஏதாவது எட்டிப் பார்க்கிறதா? சாக்லேட் எப்படி உடையும், எப்படிக் கரையும், தின்று முடித்த பிறகு வாயில் எதை விட்டுவைக்கும் என்பதையெல்லாம் முக்கால்வாசி இந்த ஒரு வரி சொல்லிவிடும்.

கோகோ பருப்பில் பாதிக்கு மேல் கொழுப்புதான். அதைத்தான் கோகோ பட்டர் என்கிறோம். அறைச் சூட்டில் கட்டியாக நிற்கும், 34 டிகிரி வாக்கில் சட்டென்று இளகும். நம் உடல் சூடு 37. கையில் விறைப்பாக இருப்பது நாக்கில் வைத்ததும் உருகி ஓடுவதற்கு இதுதான் காரணம், வேறு எந்த ரகசியமும் இல்லை. ஆனால் கோகோ பட்டர் விலை அதிகம், வேலை வாங்குவதும் அதிகம். ஒரே கொழுப்பு ஆறு விதமாக உறையும், அதில் ஒரு விதம்தான் பளபளப்பும் ‘டக்’ என்று உடைகிற தன்மையும் தரும். அதை வரவழைக்க டார்க் சாக்லேட்டை 45 டிகிரிக்கு மேல் உருக்கி, 27, 28க்கு இறக்கி, மறுபடி 31, 32க்கு ஏற்ற வேண்டும். டெம்பரிங் என்பது இதுதான். நடுவில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால்கூட மொத்தமும் திரண்டு கட்டிதட்டிவிடும்.

இந்தத் தொல்லை எதுவும் இல்லாமல் வேலையை முடிக்க வந்ததுதான் காம்பவுண்ட். கோகோ பவுடர், சர்க்கரை, கோகோ பட்டருக்குப் பதிலாகத் தாவரக் கொழுப்பு. உருக்கினோமா, அச்சில் ஊற்றினோமா, ஆறினால் கட்டி. பால் கொழுப்பில் செய்த ஐஸ்கிரீமுக்கும் தாவரக் கொழுப்பில் செய்த ஃப்ரோசன் டெசர்ட்டுக்கும் உள்ள அதே வித்தியாசம்தான் இங்கேயும். சாக்லேட் என்ற பெயரில் விற்பதென்றால் கோகோ பட்டர் அல்லாத தாவரக் கொழுப்பு 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது இந்தியாவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் உள்ள விதி (ஐரோப்பாவில் அந்த 5 சதவீதத்துக்கு அனுமதித்த கொழுப்புகளில் மாங்கொட்டைக் கொழுப்பும் ஒன்று!).

ஊட்டி, கொடைக்கானல் போனவர்கள் ஹோம்மேட் சாக்லேட் இல்லாமல் மலை இறங்குவதில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் முந்திரி, பாதாம், உலர்திராட்சை போட்டுக் குவித்து வைத்து, கால் கிலோ, அரைக் கிலோ என்று எடைபோட்டுத் தருவார்கள். அதில் நிறைய, காம்பவுண்ட் பாளத்தை வாங்கி உருக்கி அச்சில் ஊற்றியதுதான். கீழே சமவெளியின் வெயிலில் பஸ்ஸில் போகப்போகிற சரக்கு, உருகாமல் வீடு சேர வேண்டும் என்று பார்த்தால் அவர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. எனக்கு அதில் சண்டை இல்லை. கோகோ பட்டர் சாக்லேட்டின் விலையைச் சொல்லிக் காம்பவுண்டைக் கட்டித் தருவதுதான் தப்பு. “அண்ணா, இது காம்பவுண்டா, கோகோ பட்டர் போட்டதா?” என்று நேராகக் கேளுங்கள். கேட்டால் பலர் உள்ளதைச் சொல்லிவிடுகிறார்கள், இரண்டும் வைத்திருக்கிற கடைகளில் தனித்தனி விலையும் சொல்வார்கள்.

சொல்லவில்லையா, வாயே சொல்லிவிடும். ஒரு துண்டை நாக்கில் வைத்து, கடிக்காமல் அப்படியே விட்டுவிடுங்கள். கோகோ பட்டர் என்றால் கொஞ்ச நேரத்திலேயே ஓரம் இளகி, வழுவழுவென்று பரவி, மணம் மூக்குக்கு ஏறும், கரைந்த பிறகு வாய் சுத்தமாக இருக்கும். காம்பவுண்ட் கரைவதற்கு மெனக்கெடும், கரைந்த பிறகும் மேலண்ணத்தில் மெழுகு பூசியதுபோல ஒரு படலம் நிற்கும், வெந்நீர் குடித்தால்தான் போகும். உடைகிற சத்தத்தை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள், பால் கொழுப்பு சேர்ந்தாலே மில்க் சாக்லேட் கொஞ்சம் மெத்தென்றுதான் உடையும், அதிலும் சென்னை மே மாதத்தில் எதை உடைத்தாலும் சத்தம் வராது.

இனி அந்த எண்ணுக்கு வருவோம். 70 என்றால் கோகோவிலிருந்து வந்ததெல்லாம் சேர்த்து 70 சதவீதம், பட்டரும் அதில் அடக்கம். மிச்சம் பெரும்பாலும் சர்க்கரை. ஒரு கம்பெனியின் 70இல் பட்டர் தூக்கலாக இருந்து மென்மையாக இருக்கும், இன்னொன்றில் கோகோத் தூள் தூக்கலாக இருந்து முகத்தைச் சுளிக்க வைக்கும். இரண்டும் 70தான். அதைவிடப் பெரிய விஷயம் விதை எப்படிப் புளித்தது என்பது. பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராகக் கோகோ நிற்கிறது. காயை உடைத்தால் விதையைச் சுற்றி வெள்ளைச் சதை, தின்றால் இனிப்பும் புளிப்புமாக நன்றாகவே இருக்கும். அந்தச் சதையோடு விதைகளைப் பெட்டியில் கொட்டி, வாழை இலை போட்டு மூடி, நடுநடுவே கிளறிவிட்டு ஐந்து முதல் ஏழு நாள் வைப்பார்கள். உள்ளே கை வைக்க முடியாத அளவு சூடேறி, வினிகர் வாடை தூக்கும். ஒழுங்காகப் புளித்த விதையை நறுக்கினால் உள்ளே பழுப்பு, அவசரப்பட்டு எடுத்துவிட்டால் ஊதா. அந்த ஊதா விதையின் துவர்ப்பை எவ்வளவு வறுத்தாலும் முழுசாக விரட்ட முடியாது. டார்க் சாக்லேட் என்றாலே கசப்பு, எனக்கு ஒத்துவராது என்று ஒதுக்கிவிட்டவர்களில் பலர் சாப்பிட்டுப் பார்த்தது இப்படி அரைகுறையாகப் புளித்த விதையாகத்தான் இருக்கும் என்பது என் எண்ணம். பொள்ளாச்சியின் சோக்லெட், ஆரோவில்லின் மேசன் அண்ட் கோ போன்றவர்கள் விதையிலிருந்து பார் வரை தாங்களே செய்கிறார்கள். விலை கூடுதல்தான், ஆனால் ஒரு துண்டு போதும், பழப்புளிப்பும் வறுத்த வாசனையும் தனித்தனியாகத் தெரியும்.

அதற்காக மில்க் சாக்லேட்டைக் குழந்தைகள் சமாச்சாரம் என்று தள்ளுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. 1875இல் சுவிட்சர்லாந்தின் வெவே ஊரில் டேனியல் பீட்டர் அதைச் செய்து காட்டுவதற்கு முன் எத்தனை பாடுபட்டார்! பாலில் இருக்கும் தண்ணீர்தான் எதிரி. கோகோ 45, 50 சதவீதம் இருக்கும் டார்க் மில்க் இப்போது கிடைக்கிறது. டார்க்குக்கு மாற நினைப்பவர்களுக்கு நான் முதலில் கையில் கொடுப்பது அதைத்தான், நேரே 85க்குத் தாவச் சொல்லமாட்டேன். வெள்ளைச் சாக்லேட்டில் கோகோத் தூளே கிடையாது, பட்டர் மட்டும்தான், அதனால் அது தந்த நிறத்தில் இருக்க வேண்டும். பளீர் வெள்ளை என்றால் சந்தேகப்படுங்கள்.

சேர்மானத்தில் 322 என்ற எண்ணைக் கண்டால் அது லெசிதின், கலவையை ஒன்றுசேர்க்கப் போடுவது, பயப்பட ஒன்றுமில்லை. 476 (பிஜிபிஆர் என்ற இன்னொரு சேர்க்கை) இருந்தால் கோகோ பட்டரைக் குறைத்துக்கொண்டு குழம்பை ஓடவைக்க வழி செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். 2024இல் கோகோ விலை டன்னுக்கு 10,000 டாலரைத் தாண்டியது. உலகக் கோகோவில் பாதிக்கு மேல் விளையும் ஐவரி கோஸ்ட்டிலும் கானாவிலும் விளைச்சல் சரிந்ததுதான் முக்கியக் காரணம். அப்போதிருந்து சேர்மானங்கள் சத்தமில்லாமல் மாறிக்கொண்டிருக்கின்றன, அதனால் சின்ன வயதிலிருந்து தின்கிற பாராக இருந்தாலும் ஒருமுறை திருப்பிப் படியுங்கள்.

அப்புறம், வைப்பது. நம் ஊர் வெயிலில் பிரிட்ஜ் இல்லாமல் முடியாது, சரி. ஆனால் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வையுங்கள், இல்லையென்றால் சாம்பார் வாசனையை இழுத்துக்கொள்ளும். வெளியே எடுத்ததும் திறக்காமல், குளிர் விடும் வரை டப்பாவோடு வையுங்கள், உடனே திறந்தால் மேலே ஈரம் படிந்து சர்க்கரை பூத்துவிடும். உருகி மறுபடி உறைந்த சாக்லேட்டிலும் வெள்ளையாகப் பூக்கும், அது மேலே வந்து படிந்த கொழுப்பு. இரண்டும் பூஞ்சை இல்லை, தூக்கிப் போடாதீர்கள். சூடான பாலில் போட்டுக் கலக்கிக் குடித்துவிடலாம்.