சமையலறை அலமாரிகளுக்கு மறுவண்ணம்

எங்கள் அடுக்ககம் தொண்ணூறுகளின் பிற்பகுதியில் சென்னையில் கட்டப்பட்டது. அக்காலத்து வழக்கப்படி, சமையலறை அலமாரிகளை ஆசாரி வீட்டிற்கே வந்து இழைத்துப் பொருத்தினார். மேலே உள்ள கதவுகளுக்கு எனாமல் பெயின்ட், மேடைக்குக் கீழே உள்ளவற்றுக்குச் சன்மைக்கா. பல ஆண்டுத் தாளிப்புப் புகை ஏறி, வெள்ளைக் கதவுகள் பழைய செய்தித்தாளின் நிறத்துக்கு வந்திருந்தன. புதிய மாடுலர் சமையலறைக்கு விலை விசாரித்தபோது, தொகையைக் காட்டிலும் என்னைத் தயங்க வைத்தது அதற்காகக் கிரானைட் மேடையைப் பெயர்க்க வேண்டியிருக்கும் என்ற செய்திதான். பரண் பலகையின் அடிப்பக்கத்தில் ஐ.எஸ். 710 என்ற முத்திரை இன்னும் படிக்கும்படி இருந்தது. ஈரத்தைத் தாங்கும் மரைன் பிளைவுட்டுக்கு உரிய தர எண் அது. அத்தகைய பலகையைக் கழித்துவிட்டு, மரத்தூளை அழுத்திச் செய்த பார்ட்டிக்கிள் போர்டுப் பெட்டிகளைக் கூடுதல் விலைக்கு வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஆனாலும் எல்லாக் கதவுகளும் பெயின்டுக்குத் தகுதியானவை அல்ல. ஒவ்வொன்றையும் திருப்புளியின் பிடியால் தட்டிப் பார்த்தோம். கெட்டியான ஓசை வந்தவை பிழைத்தன. சிங்க்குக்குக் கீழே இருந்த கதவின் அடி ஓரம் உப்பி, அடுக்குகள் பிரிந்திருந்தன. அதன் மேல் பட்டி வைத்துத் தேய்த்தால் சில மாதங்களுக்கு ஒழுங்காகத் தெரியும், அடுத்த மழைக்காலத்தில் மறுபடி உப்பும். ஆகவே அந்த ஒரு கதவை மட்டும் புதிதாக அறுத்துப் போட்டோம்.

இந்த வேலையில் பெயின்ட் அடிப்பதற்குச் செலவாகும் நேரம் மிகக் குறைவு. பெரும்பகுதி நேரம் எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பதிலேயே போகிறது. நம் சமையலில் எண்ணெய் காய்ந்து ஆவியாகிக் கதவுகளில் படிந்து, காற்றுப் பட்டுக் கெட்டியாகி, ஏறத்தாழ ஒரு வார்னிஷ் படலமாகவே மாறிவிடுகிறது. பாத்திரம் துலக்கும் சோப்பு மட்டும் அதை முழுமையாக நீக்காது. சலவைச் சோடாவை வெந்நீரில் கரைத்து, கையுறை அணிந்து, துணியால் துடைத்து, பின்னர் சோடாவின் மிச்சம் தங்காதபடி நல்ல நீரில் இருமுறை துடைத்தெடுக்க வேண்டும். அடுப்புக்கு நேர் மேலே உள்ள கதவுகளுக்கு இதை மீண்டும் மீண்டும் செய்ய வேண்டியிருந்தது. வரிசை முக்கியம்: கழுவுவதற்கு முன்பே உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால், பிசுக்கு கீறல்களுக்குள் இறங்கிவிடும், அதன் மேல் எந்தப் பிரைமரும் பிடிக்காது. கதவுகளைப் பளபளப்பாக்க முன்பு சிலிகான் கலந்த பாலிஷ் தெளித்திருந்தால் இன்னும் கவனம் தேவை, ஏனெனில் அந்த இடங்களில் புதுப் பெயின்ட் சிறு சிறு குழிகளாக விலகி நிற்கும்.

பழைய எனாமலைத் தேய்ப்பதில் வேறொரு ஆபத்தும் உண்டு. வீட்டுப் பெயின்டுகளில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதியை இந்திய அரசு 2016இல் வெளியிட்டது. அது 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்ட், அதிலும் மஞ்சள், சிவப்பு போன்ற நிறங்கள், ஈயம் கொண்டவையாக இருக்கக்கூடும் என்று கருதியே நடந்துகொள்ள வேண்டும். குழந்தைகள் உள்ள வீட்டில் அந்தத் தூளைப் பறக்க விடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆகவே கதவுகளைக் கழற்றி மொட்டை மாடிக்குக் கொண்டு சென்று, வாட்டர் பேப்பரை நனைத்துத் தேய்த்து, சேர்ந்த சேற்றை ஈரத்துணியால் வழித்தெடுத்தோம். பழைய பெயின்டை மரம் தெரியும்வரை சுரண்டத் தேவையில்லை; பளபளப்பு மங்கி, மேற்பரப்பு சற்றே சொரசொரப்பானால் போதும்.

சன்மைக்காவைப் பொறுத்தவரை எங்கள் பெயின்டர் முதலிலேயே கையை விரித்தார். "அது மேல பெயின்ட் நிக்காதும்மா, உரிஞ்சிடும்," என்றார். சாதாரண மரப் பிரைமருக்கு அவர் சொன்னது முற்றிலும் சரி. மெலமைன் பிசினால் ஆன அந்த மேற்பரப்பு எதையும் உறிஞ்சாது. பெயின்ட் பற்றிக்கொள்ள அதில் இடமே இல்லை. ஆனால் வழவழப்பான பரப்புகளுக்கென்றே தனிப் பிரைமர்கள் கிடைக்கின்றன. 220 எண் உப்புத்தாளால் நன்றாக மங்கவைத்து, அத்தகைய பிரைமரை ஒரு கதவின் உட்புறத்தில் மட்டும் பூசி, அதன் மேல் பெயின்டும் அடித்துக் காய விட்டோம். பிறகு பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு கிழித்து, ஒட்டுநாடாவை அழுத்தி ஒட்டிச் சட்டென்று உரித்துப் பார்த்தோம். கட்டங்கள் நாடாவுடன் வரவில்லை. அதன் பின்னரே மற்றக் கதவுகளில் கை வைக்க அவரும் சம்மதித்தார். சன்மைக்கா தானே ஓரத்தில் பிரிந்து நின்றால், முதலில் பசை வைத்து அழுத்தி ஒட்டியாக வேண்டும்.

எந்தப் பெயின்ட் என்பதில் வீட்டில் விவாதம் நடந்தது. எண்ணெய் எனாமல் உறுதியானது, விலையும் குறைவு. ஆனால் வெளிச்சம் குறைந்த இடத்தில் அதன் வெள்ளை தானாகவே மஞ்சளாகும்; எங்கள் கதவுகளின் நிறமாற்றத்துக்குப் புகை மட்டுமே காரணம் அன்று. இரு கலவையாக வரும் பி.யூ. (பாலியூரித்தேன்) பெயின்ட் மிகக் கடினமான பூச்சைத் தரும். எனினும் மூச்சுக்குக் கேடான ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் கொண்ட அதை உரிய முகக்கவசமின்றி வீட்டுக்குள் தெளிப்பது கூடாது. ஆகவே நீரில் கரையும் எனாமலை, அரைப் பளபளப்பில், தேர்ந்தெடுத்தோம். முழு மேட் பூச்சு படத்தில் அழகாக இருக்கும், ஆனால் சாம்பார் தெறித்த இடத்தைத் துடைத்துத் துடைத்துத் திட்டாக்கிவிடும். மேல் கதவுகளுக்கு வெளிர்நிறம், கீழே அடர்ந்த பச்சை. மஞ்சள் கறையை எண்ணி மேலேயும் அடர்நிறம் வேண்டும் என்றார் மாமியார். மஞ்சளின் நிறம் வெளிச்சத்தில் வெளுக்கக்கூடியது, கதவைக் கழற்றி வெயிலில் வைத்தால் பெரும்பாலும் போய்விடும் என்று நான் சொன்னது அவரைச் சமாதானப்படுத்தவில்லை.

கழற்றிய கதவுகளுக்கு எண் இடுவது அற்பமாகத் தோன்றும், ஆனால் கையால் செய்த அலமாரியில் எந்த இரு கதவும் ஒரே அளவில் இருப்பதில்லை. கீல் அமரும் குழியில் பென்சிலால் எழுதினால் அந்த எண் பெயின்டில் மறையாது. கதவைப் படுக்க வைத்து, சட்டங்களுக்குப் பிரஷ்ஷும் சமப் பரப்புக்குச் சிறிய ஸ்பாஞ்ச் ரோலரும் பயன்படுத்தி, ஒரு கோட்டுப் பிரைமர், இரண்டு கோட்டுப் பெயின்ட், இடையிடையே 320 எண் தாளில் லேசான தேய்ப்பு என்று வேலை நடந்தது. பொங்கலுக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடிக்கும் வழக்கப்படி மார்கழியிலேயே தொடங்கிவிடலாம் என்று பலர் சொன்னார்கள். பனி இறங்கும் மாதத்தில் கதவுகளை மாடியில் பரப்ப எனக்கு மனமில்லை. தை பிறந்த பிறகே தொடங்கினோம்.

பொறுமை மிகவும் தேவைப்படுவது பெயின்ட் அடித்த பிறகுதான். தொட்டால் கையில் ஒட்டாத நிலை சில மணி நேரத்தில் வந்துவிடும். பூச்சு முழுமையாக இறுகுவதற்கோ வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் கதவை மூடி வைத்தால் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டு, திறக்கும்போது தோலோடு உரிந்து வரும். சமையலறையை ஒரு மாதம் மூட எந்த வீட்டாலும் முடியாது. ஆகவே மேல் கதவுகளை முடித்து மாட்டிய பின்பே கீழ்க் கதவுகளைக் கழற்றினோம். கதவும் சட்டமும் தொடும் இடங்களில் சிறிய ரப்பர் பொட்டுகளை ஒட்டினோம். முதல் சில வாரங்கள் சோப்பு இன்றி ஈரத்துணியால் மட்டுமே துடைத்தோம்.

அலமாரிகளின் உட்புறத்துக்குப் பெயின்ட் அடிக்கவில்லை. எவர்சில்வர் டப்பாக்களை நாள்தோறும் இழுத்து வைக்கும் தட்டில் எந்தப் பூச்சும் நிலைக்காது. அரிசி, பருப்புக்குப் பக்கத்தில் பெயின்ட் வாடையும் வேண்டியதில்லை. உள்ளே நன்றாகக் கழுவி உலர்த்தியதோடு சரி. பழைய குமிழ்களுக்குப் பதிலாக நீளக் கைப்பிடிகள் போட்டதில் மட்டும் கொஞ்சம் தாராளமாகச் செலவிட்டோம், ஏனெனில் குமிழைச் சுற்றி எண்ணெய் விரல்கள் படும் இடத்தில்தான் பூச்சு முதலில் தேயும். மீதமிருந்த பெயின்டைச் சிறிய கண்ணாடிப் புட்டிகளில் விளிம்புவரை நிரப்பி, நிற எண்ணையும் தேதியையும் எழுதி ஒட்டிப் பரணில் வைத்திருக்கிறேன். சிங்க்குக் கதவின் அடி ஓரத்துக்கு ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் ஒரு கோட்டுத் தேவைப்படும் என்று பெயின்டர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.