ஜெர்சி எண் கதைகள்
கூடைப்பந்து வீரர்களின் ஜெர்சி எண்களுக்குப் பின்னால் ராசி, ஜாதகம் எல்லாம் இருக்கும் என்று நினைத்தால், பாதிக் கதை வீட்டுச் சண்டைதான். மைக்கேல் ஜோர்டனுக்குப் பிடித்தது 45, அது அண்ணன் லாரியிடம் இருந்ததால், அண்ணனில் பாதியாவது ஆடுவோம் என்று 22.5 கணக்குப் போட்டு 23 ஆக்கிக்கொண்டாராம். டென்னிஸ் ராட்மேன் சிகாகோ அணிக்கு வந்தபோது, அவர் முன்பு அணிந்த 10ஆம் எண்ணுக்கு அங்கே ஏற்கெனவே ஓய்வு கொடுத்திருந்தார்கள் (அதாவது இனி யாரும் அணியக்கூடாது), அவர் 91 எடுத்தார். கூட்டிப் பாருங்கள், குசும்பு!

கெவின் டுராண்ட் 35 போட்டதுதான் மனதைப் பிசைகிறது: 35 வயதில் சுட்டுக் கொல்லப்பட்ட தன் பயிற்சியாளருக்காக. அப்புறம், அமெரிக்கக் கல்லூரி ஆட்டங்களில் 6, 7, 8, 9 என்ற இலக்கங்களே 2023 வரை கிடையாது. ஃபவுல் (விதிமீறல்) செய்தவரின் எண்ணை நடுவர் இலக்கத்துக்கு ஒரு கை என விரலால் காட்ட வேண்டும், ஒரு கைக்கு ஐந்து விரல்தானே!